தாமதம் தரும் செய்தி
(கணினி வலையமைப்பில் நெரிசலை முன்னறியும் முறை பற்றிய ஒரு பாடம்)

புனல் வைத்துப் போத்தலில் மண்ணெண்ணெய் வார்ப்பவனின் கண் எங்கே நிற்கின்றது என்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவன் போத்தலைப் பார்ப்பதில்லை. கையிலுள்ள தகரத்தையும் பார்ப்பதில்லை. புனலின் வயிற்றில் எண்ணெய் எவ்வளவு உயர்ந்து நிற்கின்றது என்பதையே பார்க்கிறான். மட்டம் உயர்ந்தால் கையைச் சற்றே நிமிர்த்துகிறான்; தாழ்ந்தால் சரிக்கிறான். புனலின் குழாய் எவ்வளவு ஒடுக்கமானது என்று அவனுக்கு எவரும் அளந்து கூறவில்லை. ஆயினும் ஒரு துளி சிந்தாமல் வார்த்து முடிக்கிறான்.

இனி, அவனுடைய கண்ணைக் கட்டிவிடுவோம். புனலை ஆயிரம் மைலுக்கு அப்பால் வைப்போம். அவனை அறியாத வேறு நூறு பேரும் அதே புனலில் வார்க்கட்டும். எண்ணெய் தரையிற் சிந்திய பின்னரே அச்செய்தி அவனுக்கு எட்டட்டும். வலையமைப்பினூடாகத் தரவுகளை அனுப்பும் ஒவ்வொரு கணினியும் இந்நிலையிலேயே இருக்கின்றது. எவ்வளவு வேகமாக வார்க்கலாம் என்பதை அது எவ்வாறு அறியும்? சிந்துவதைக் கொண்டு அறிவது ஒரு வழி. சிந்துமுன்னரே, மறுமொழி வந்துசேர எடுக்கும் காலம் நீளுவதைக் கொண்டு அறிவது மற்றொரு வழி. இவ்விரண்டாம் வழியின் கணக்கும், அதற்கு நேர்ந்த இடையூறுகளுமே இக்கட்டுரையின் பொருள். மேல்வகுப்புகளிற் கணிதம் பயிலும் மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதுகிறேன். பழைய மாணவர்களாகிய அன்பர்கள் கணக்குகளைத் தாண்டிச் சென்று வாசிப்பினும் குறையில்லை.

முதலிற் சில பெயர்கள். ஒரு கணினி மற்றொன்றுக்கு அனுப்பும் கடிதமோ படமோ முழுதாகச் செல்வதில்லை. அது சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்படுகின்றது. பொதியொன்று பெரும்பாலும் 1500 பைற்றுக்கு மேற்படாது. அஃதாவது 12,000 பிற்று. வழியிலுள்ள சந்திகளில் நிற்கும் பொறிகள், திசைவிகள் எனப்படுவன, ஒவ்வொரு பொதியின் முகவரியையும் பார்த்து உரிய பாதையில் விடுகின்றன. ஒரு பாதை தாங்கக்கூடியதற்கு மேலாகப் பொதிகள் வந்தால், மிகுதியானவை திசைவியின் நினைவகத்தில் வரிசையாகக் காத்துநிற்கும். காத்துநிற்கும் இடமும் நிரம்பிவிட்டால் அடுத்து வரும் பொதி கைவிடப்படும். வந்துசேர்ந்த பொதி ஒவ்வொன்றுக்கும் பெற்ற கணினி ஒரு பற்றுச்சீட்டைத் திருப்பி அனுப்புகின்றது. பொதி புறப்பட்டதிலிருந்து அதன் பற்றுச்சீட்டு வந்துசேரும்வரை கழியும் காலத்தைச் சுற்றுக்காலம் என்போம். பற்றுச்சீட்டுப் பெறாமல் வழியிற் கிடக்கக்கூடிய பொதிகளின் தொகைக்கு, அனுப்பும் கணினி தானே ஒரு வரம்பை விதித்துக்கொள்ளும். அவ்வரம்புக்குச் சாளரம் என்று பெயர். சாளரத்தை அகட்டலாம், ஒடுக்கலாம். அனுப்புவோன் கையில் உள்ள பிடி அதுவே. இன்னாருக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக் கொடுக்கும் அதிகாரி இணையத்தில் எவரும் இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வரும் சங்கடங்கள் எல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றன.

இவ்வமைப்பு ஒருநாள் தன் பாரத்தால் தானே நின்றுவிடும் என்று 1984 ஆம் ஆண்டிலேயே ஜோன் நேகிள் என்பவர் எச்சரித்து எழுதினார். 1986 ஒக்ரோபரில் அவ்வாறே நிகழ்ந்தது. கலிபோர்ணியாவில், லோரன்ஸ் பேர்க்கிளி ஆய்வுகூடத்துக்கும் அதன் அயலிலுள்ள பேர்க்கிளிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே ஏறத்தாழ 400 யார் தூரமே உண்டு. செக்கனுக்கு 32,000 பிற்று என்றிருந்த அவ்விணைப்பின் பயன் 40 பிற்றாகச் சுருங்கிற்று. எண்ணூற்றில் ஒரு பங்கு! நாற்பது பிற்று என்பது ஐந்து ஆங்கில எழுத்து. ஒருபக்கக் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போயிருந்தால் விரைவாகப் போய்ச் சேர்ந்திருக்கும். கம்பி அறுந்ததாலோ பொறி பழுதானதாலோ இது நேரவில்லை. பற்றுச்சீட்டு வரத் தாமதித்த ஒவ்வொரு பொதியையும் தொலைந்ததெனக் கருதிக் கணினிகள் மீண்டும் மீண்டும் அனுப்பின. அப்பிரதிகள் வரிசையை மேலும் நீட்டின. வரிசை நீண்டதால் பற்றுச்சீட்டுக்கள் மேலும் தாமதித்தன.

அவ்வாய்வுகூடத்திற் பணிபுரிந்த வான் ஜேக்கப்சன் இதற்கு மருந்து கண்டார். 1988 இல் வெளிவந்த அவருடைய கட்டுரை இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக இன்றும் போற்றப்படுகின்றது. விதி எளியது. பொதிகள் ஒழுங்காகச் சேர்ந்தால் சுற்றுக்கு ஒன்றாகச் சாளரத்தை அகட்டு; பொதி தொலைந்தால் அது நெரிசலின் அறிகுறியென்று கொண்டு சாளரத்தை ஒடுக்கு. இவ்விதியின் பிற்பட்ட வடிவம், இழப்பு நேர்ந்தவுடன் சாளரத்தைப் பாதியாக்குவது, றீனோ என்று பெயர்பெற்றது. இணையம் பிழைத்தது. ஜேக்கப்சனை நாம் குறைகூறுதல் நன்றியின்மை. ஆயினும் அவர் விதியைப் புனலோடு பொருத்திப் பாருங்கள். சிந்தும்வரை வார், சிந்தினால் பாதியாகக் குறை, மறுபடியும் சிந்தும்வரை வார். புனலின் மட்டம் எந்நேரமும் மேல் விளிம்பை ஒட்டியே நிற்கும்.

கணக்காற் காண்போம். வழியில் மிக ஒடுங்கிய பாதை செக்கனுக்கு 12 இலட்சம் பிற்று, அஃதாவது 100 பொதிகளை, விடக்கூடியது என்க. வரிசை சிறிதும் இல்லாதபோது சுற்றுக்காலம் 100 மில்லிசெக்கன் என்க. இதை வெற்றுக்காலம் என்று அழைப்போம். ஒளியிழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லுகின்றது. ஆகவே 10,000 கிலோமீற்றர் தொலைவுக்குப் போய்த் திரும்ப 100 மில்லிசெக்கன் வேண்டும். இயற்கை விதித்த இக்காலத்தை எவராலும் குறைக்க இயலாது. திசைவியிற் காத்துநிற்க 20 பொதிகளுக்கு இடமுண்டு என்க.

சாளரம் 10 ஆயின், 100 மில்லிசெக்கனில் 10 பொதி செல்லும், பாதை சரியாக நிரம்பும், வரிசை இல்லை. சாளரத்தை 15 ஆக்கினால் என்ன கிடைக்கும்? பாதை செக்கனுக்கு 100 பொதிக்கு மேல் விடாது. ஆகவே வேகம் ஓர் அணுவும் கூடாது. மிகுதியான ஐந்து பொதிகளும் வரிசையில் நிற்கும். சுற்றுக்காலம் 150 மில்லிசெக்கன் ஆகும். சாளரம் 30 ஆனால் 20 பொதிகள் வரிசையில் நிற்க, சுற்றுக்காலம் 300 ஆகும். 31 ஆவதற்கு இடமில்லை. ஒரு பொதி தொலையும். றீனோ உடனே 15 க்கு இறங்கும். அப்பொழுதும் ஐந்து பொதிகள் வரிசையில் நிற்கின்றன என்பதைக் கவனியுங்கள். மறுபடியும் ஒன்றொன்றாக ஏறி, ஏறத்தாழ மூன்றரைச் செக்கனுக்கு ஒருமுறை பொதியொன்றைத் தொலைக்கும். வேகம் எப்பொழுதும் 100 பொதியே. சாளரம் 10 ஆக இருந்தபோது கிடைத்த அதே வேகத்துக்காக, 150 முதல் 300 வரையான மில்லிசெக்கன்களை நாம் விலையாகக் கொடுக்கிறோம்.

கடிதம் அனுப்புவோனுக்கு இது ஒரு பொருட்டன்று. பேசுவோனுக்கு அப்படியன்று. என் தமையனார் கனடாவில் இருக்கிறார். ஞாயிறுதோறும் இணையத்தின் வழியாகப் பேசுவோம். சில காலத்துக்குமுன் எங்கள் பேச்சு ஒரு வகையாக முறியத் தொடங்கிற்று. நான் கேட்ட கேள்விக்கு அவர் வாளாவிருப்பார். நான் மறுபடி பேசத் தொடங்கும்போதே அவருடைய விடை வந்து மோதும். இருவரும் ஒருங்கே நிறுத்துவோம். இருவரும் ஒருங்கே தொடங்குவோம். குடும்பக் காணி பற்றிய பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. அவருடைய மௌனத்தை நான் மனத்தாங்கலென்று கொண்டேன். என் மௌனத்தை அவரும் அவ்வாறே கொண்டாரெனப் பின்னர் அறிந்தேன். உண்மையில் நடந்தது இதுவே: அதே நேரத்தில் அடுத்த அறையில் என் பேரன் தன் கைப்பேசியிலுள்ள படங்களையெல்லாம் மேலேற்றிக்கொண்டிருந்தான். வீட்டிணைப்பின் மேலேற்று வீதம் செக்கனுக்கு 10 இலட்சம் பிற்று என்றும், வாசலிலுள்ள பெட்டியில் 125,000 பைற்றுக்கு இடமுண்டு என்றும் கொள்ளுங்கள். அவ்விடம் முழுவதையும் படங்கள் நிரப்பியிருந்தால், அதன் பின்னால் வந்து நிற்கும் என் குரல் ஒரு முழுச் செக்கன் காத்திருக்க வேண்டும். தொலைபேசிப் பேச்சு இயல்பாக அமைய ஒருவழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்கு மேற்படலாகாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் பரிந்துரை.

நினைவகம் மலிந்தபோது பெட்டி செய்வோர் காத்திருக்கும் இடத்தைப் பெருக்கினர். பொதி தொலையாதிருப்பது நன்மையென்று எண்ணினர். சிந்தும்வரை வார்ப்பவனுக்குப் பெரிய புனலைக் கொடுத்தால் அவன் அதையும் நிரப்புவான். 2010 ஆம் ஆண்டளவில் ஜிம் கெற்றிஸ் என்னும் பொறியியலாளர் தம் வீட்டிணைப்பிலேயே இந்நோயைக் கண்டு உலகறியச் செய்தார்.

இழப்பை எதிர்பாராமல் தாமதத்தையே அறிகுறியாகக் கொள்ளலாம் என்னும் கருத்து இதற்கு நெடுநாள் முந்தியது. 1989 இல் ராஜ் ஜெயின் அதனைக் கட்டுரையாக வெளியிட்டார். 1994 இல் அரிசோனாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோரன்ஸ் பிறாக்மோ, ஷோன் ஓமாலி, லரி பீற்றர்சன் ஆகிய மூவரும் அதற்கு நடைமுறை வடிவம் கொடுத்து வேகாஸ் என்று பெயரிட்டனர். றீனோவும் வேகாசும் நெவாடா மாநிலத்திலுள்ள சூதாட்ட நகரங்கள். பெயர்ப்பொருத்தம் பார்த்தால், இழக்கும்வரை ஆடும் இயல்பு றீனோவுக்கே உரியது. வேகாஸ் அளவறிந்து எழுந்துவிடும்.

வேகாசின் கணக்கு ஒரு வரியில் அடங்கும். தான் இதுகாறும் கண்ட சுற்றுக்காலங்களுள் மிகச் சிறியதை வெற்றுக்காலம் என்று அது கொள்கின்றது. சாளரத்தை வெற்றுக்காலத்தால் வகுத்தால், வரிசையில்லாதபோது கிடைக்கவேண்டிய வீதம் வரும். சாளரத்தை இப்போதைய சுற்றுக்காலத்தால் வகுத்தால், உண்மையிற் கிடைக்கும் வீதம் வரும். இரண்டின் வித்தியாசத்தை வெற்றுக்காலத்தாற் பெருக்கினால் வருவது, வரிசையில் நிற்கும் தன் பொதிகளின் தொகை. மேற்கண்ட எடுத்துக்காட்டில் சாளரம் 15 ஆனபோது எதிர்பார்த்த வீதம் 150, கிடைத்தது 100, வித்தியாசம் 50. அதை 0.1 செக்கனாற் பெருக்க 5. வரிசையில் நின்றதும் ஐந்தே! கண் கட்டப்பட்டவன், ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள புனலின் மட்டத்தை, கையிலுள்ள கடிகாரம் ஒன்றைக் கொண்டே அளந்துவிட்டான்.

அளந்தபின் செய்வது எளிது. தன் பொதிகள் இரண்டுக்குக் குறைவாக வரிசையில் நின்றால் சாளரத்தை ஒன்று கூட்டு, நான்குக்கு மேல் நின்றால் ஒன்று குறை, இடைப்பட்டால் வாளாவிரு. நம் எடுத்துக்காட்டிற் சாளரம் 12 க்கும் 14 க்கும் இடையில் அமைதியாக நிற்கும். சுற்றுக்காலம் 120 முதல் 140 வரை. பொதி ஒன்றும் தொலையாது. றீனோவிலும் 37 முதல் 71 நூற்றுவீதம் வரை மிகுந்த வேகத்தையும், ஐந்தில் ஒரு பங்கு முதல் பாதி வரையான இழப்பையுமே கண்டதாக அதன் ஆசிரியர்கள் 1995 இல் அறிவித்தனர்.

இவ்வளவு சிறந்த முறை ஏன் உலகெங்கும் பரவவில்லை என்று மாணவர்கள் கேட்பது நியாயம். நானும் அதையே கேட்டேன். விடை, வேகாசின் கணக்கில் ஒளிந்திருக்கும் ஒரு சொல்லில் இருக்கின்றது. வெற்றுக்காலத்தை அது அறிகின்றதா, அன்றி ஊகிக்கின்றதா?

பாதை இடையில் மாறிவிட்டதென்க. கடலடிக் கம்பி ஒன்று பழுதாகி, பொதிகள் நீண்ட வழியாற் செல்லுகின்றன. உண்மையான வெற்றுக்காலம் இப்பொழுது 150. வேகாசோ பழைய 100 ஐயே நம்பியிருக்கின்றது. மிகுதியான 50 உம் வரிசையால் வந்ததென்று எண்ணிச் சாளரத்தை ஒடுக்கும். சாளரம் 12 ஆனதும், வரிசையில் நான்கு பொதிகள் நிற்பதாகத் தன் கணக்கு காட்ட, திருப்தியடைந்து நிற்கும். உண்மையில் வரிசையே இல்லை. 100 பொதி விடக்கூடிய பாதையில் 80 மட்டுமே செல்லுகின்றன.

அடுத்தது இன்னும் நுட்பமானது. அ என்பவன் வேகாஸ் முறையால் அனுப்பிக்கொண்டிருக்கிறான். அவனுடைய பொதிகள் மூன்று எப்பொழுதும் வரிசையில் நிற்கின்றன. இப்பொழுது ஆ என்பவன் வருகிறான். அவனும் அதே முறையினன். அவனும் மூன்று பொதியே வரிசையில் வைக்க விரும்புபவன். ஆனால் அவன் வந்தபோது பாதை வெறுமையாயில்லை. அவன் கண்ட மிகச் சிறிய சுற்றுக்காலம் 130. அதையே அவன் வெற்றுக்காலமென்று கொள்கிறான். அ நிறுத்திய வரிசை ஆவின் கண்ணுக்கு இயற்கையின் பகுதியாகத் தோன்றுகின்றது. முடிவு என்ன? சுற்றுக்காலம் 100 ஐ விட மிகுந்திருக்கும் அளவை ய செக்கன் என்று கொண்டால், அவின் வீதம் 3/ய, ஆவின் வீதம் 3/(ய − 0.03), இரண்டும் சேர்ந்து 100. இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்துப் பாருங்கள். ய ஏறத்தாழ 0.0785 ஆகும், அவுக்கு 38.2, ஆவுக்கு 61.8. இருவரும் ஒரே விதியை ஒழுங்காகப் பின்பற்றினர். எவரும் பொய் சொல்லவில்லை. பிந்தி வந்தவன் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டான். (கேத்திரகணிதத்திற் பொன் விகிதம் படித்தவர்கள் இவ்விரண்டு எண்களையும் கண்டு வியப்படைவர். நான் தேர்ந்த எண்களால் நேர்ந்த தற்செயல் அது. ஆயினும் தீர்த்து முடித்தபோது எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது.)

மூன்றாவது இடையூறே வேகாசைப் பொதுவழியிலிருந்து ஒதுக்கிற்று. அ வேகாஸ் முறையினன், ஆவோ றீனோ. நம் பாதையில் இருவரும் சேர்கின்றனர். ஆ வரிசையை நிரப்பிக்கொண்டே போகிறான். சுற்றுக்காலம் 250 க்கு ஏறும் வேளையைப் பாருங்கள். வழியில் மொத்தம் 25 பொதிகள். அவின் கணக்குப்படி அவன் சாளரத்தின் ஐந்தில் மூன்று பங்கு வரிசையில் நிற்கின்றது. அது நான்கைத் தாண்டலாகாதென்றால் அவன் சாளரம் ஆறுக்கு மேற்படலாகாது. எஞ்சிய 19 உம் ஆவுக்கு. வரிசை நீள்கின்றதென்று அ ஒதுங்க ஒதுங்க, ஒதுங்கிய இடத்தை ஆ நிரப்புகிறான். அதனால் வரிசை குறையாதிருக்க, அ மேலும் ஒதுங்குகிறான். தாமதத்தை ஆ பொருட்படுத்துவதேயில்லை. பொதி தொலையும்வரை அவன் செவிக்கு எச்செய்தியும் ஏறாது. 1999 இல் ஜோன் வால்ரண்டும் அவர் குழுவினரும் இதைக் கணித முறையாக ஆராய்ந்து வெளியிட்டனர்.

ஆகவே, எல்லோரும் வேகாசைக் கைக்கொண்டால் எல்லோருக்கும் நன்மை. ஒருவன் மட்டும் கைக்கொண்டால் அவனுக்கு மட்டும் நட்டம். அதிகாரி இல்லாத இடத்தில் முதலாமவனாக எவன் முன்வருவான்? லினக்ஸ் இயங்குதளம் 2006 முதல் கியூபிக் என்னும் முறையை வழக்கமான முறையாகக் கொண்டது. அதுவும் இழப்பையே நோக்குவது. ஏறும் விதத்திலும், இழப்பின்போது இறங்கும் அளவிலும் றீனோவிலிருந்து வேறுபட்டது.

எனினும் தாமதத்தைக் கேட்கும் முறை அழிந்துவிடவில்லை. ஒதுங்குவதே நோக்கமாக உள்ள இடத்தில், ஒதுங்கும் இயல்பு குறையாகாது என்பதைச் சிலர் கண்டுகொண்டனர். பெருங்கோப்புக்களைப் பகிரும் பிற்-ரொறன்ற் என்னும் முறையைப் பயன்படுத்துவோர் வீடுகளில், பிறர் இணையத்தைத் தொடவும் இயலாத நிலை இருந்தது. அதற்கு மாற்றாக எழுந்த லெட்பாற் என்னும் விதி 2012 இல் ஆவணமாக வெளியிடப்பட்டது. தன்னால் ஏற்படும் தாமதம் 100 மில்லிசெக்கனை அணுகினால் அது தானே அடங்கும். வேறு எவனாவது வந்தால் வழிவிடும். எவனும் இல்லாவிடில் முழுப்பாதையையும் பயன்படுத்தும். ஒருவழித் தாமதத்தையே அது அளக்கின்றது. இருபுறத்துக் கடிகாரங்களும் ஒத்திராவிடினும் கேடில்லை. ஏனெனில் இப்போதைய தாமதத்திலிருந்து மிகச் சிறிய தாமதத்தைக் கழிக்கும்போது கடிகாரப் பிழை இரண்டிலும் ஒன்றாயிருந்து நீங்கிவிடும். கழித்தலின் இப்பயனைப் பௌதிகச் செய்முறை வகுப்பிற் பூச்சியவழு நீக்கியவர்கள் உடனே அறிவர்.

மற்றோரிடம், ஒரே உடைமையாளனின் வீடு. ஒரு கட்டடத்திற் பல்லாயிரம் கணினிகளை அடுக்கி வைத்திருக்கும் நிறுவனத்துக்கு, வெற்றுக்காலம் ஊகிக்கவேண்டிய பொருளன்று. கம்பியின் நீளம் அதற்குத் தெரியும். எல்லாக் கணினிகளையும் ஒரே விதிக்கு உட்படுத்தும் அதிகாரமும் அதற்கு உண்டு. அங்கே றீனோக்காரன் நுழைய இயலாது. கூகிள் நிறுவனத்தார் 2015 இல் வெளியிட்ட ரைம்லி என்னும் முறையும், 2020 இல் வெளியிட்ட சுவிப்ற் என்னும் முறையும் இத்தகையன. வலையட்டைகள் மைக்குரோசெக்கன் நுட்பமாகக் காலத்தை அளக்கத் தொடங்கியதே இதைச் சாத்தியமாக்கிற்று.

பொதுவழியில் மறுபடியும் முயன்றவர்களுள் ஜேக்கப்சனும் ஒருவர் என்பது சுவையான செய்தி. இழப்பை அறிகுறியாக்கிய அவரே, கூகிள் நிறுவனத்தின் நீல் கார்ட்வெல் முதலானோருடன் சேர்ந்து 2016 இல் பி.பி.ஆர். என்னும் முறையை வெளியிட்டார். இதைத் தாமத முறை என்று மட்டும் சொல்லுதல் பொருந்தாது. பாதையின் மிகக்கூடிய வீதம், மிகச் சிறிய சுற்றுக்காலம் ஆகிய இரண்டையும் மதிப்பிட்டு, அவற்றின் பெருக்கத்தை ஒட்டி அனுப்புவது அது. நம் எடுத்துக்காட்டில் அப்பெருக்கம் பத்து. வெற்றுக்காலத்தை ஊகிக்கும் சங்கடத்துக்கு அவர்கள் கண்ட உபாயம் இது: பத்துச் செக்கன்களாகப் புதிய சிறுமம் எதுவும் காணப்படாவிடில், சாளரத்தை நான்கு பொதிகளாகச் சுருக்கி, குறைந்தது 200 மில்லிசெக்கன் அவ்வாறே நின்று, வரிசை வடிந்தபின் மறுபடி அளப்பது. வார்ப்பவன் இடையிடையே கையை நிறுத்திப் புனலை வடியவிட்டுப் பார்ப்பது போன்றது. யூ-ரியூப் சேவையில் இடைநிலைச் சுற்றுக்காலம் உலகளவில் சராசரி 53 நூற்றுவீதமும், வளர்முக நாடுகளில் 80 நூற்றுவீதத்துக்கு மேலும் குறைந்ததென அவர்கள் அறிவித்தனர். ஆனால் அதன் முதற் பதிப்பு, காத்திருக்கும் இடம் சிறியதான பாதைகளில் கியூபிக், றீனோ ஆகியவற்றை நெருக்கித் தன் பங்குக்கு மேல் எடுத்ததாகப் பலர் அளந்து காட்டினர். ஒதுங்குவோனின் குறையை நீக்க முயன்று நெருக்குவோனின் குறையில் விழுந்தது என்பதே என் கருத்து. பிற்பட்ட பதிப்புகள் இதைத் திருத்த முயல்கின்றன.

அடிப்படையான சிக்கல் தீருமா என்ற கேள்விக்கு 2022 இல் ஒரு விடை கிடைத்தது. வெங்கட் அருண், மொகமட் அலிசாதே, சென்னை ஐ.ஐ.ரி.யிற் பயின்ற ஹரி பாலகிருஷ்ணன் ஆகிய மூவரும் மாசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்திலிருந்து அதை வெளியிட்டனர். கம்பியில்லா இணைப்புக்களிற் பொதிகள் வரிசையின்றியும் சில வேளை தாமதிக்கும். பெறுவோன் பற்றுச்சீட்டுக்களைச் சேர்த்துவைத்து அனுப்புவதும் உண்டு. இவ்வாறு வரிசையால் அல்லாமல் நேரும் தாமதத்தின் ஏற்ற இறக்கத்தை, அனுப்புவோன் வரிசையால் நேர்ந்ததிலிருந்து பிரித்தறிய வழியில்லை. வேகம் உயர்ந்த பாதைகளில், தாமதத்தை ஓர் ஒடுங்கிய எல்லைக்குள் நிலைநிறுத்த முயலும் முறைகளில், இவ்வேற்ற இறக்கம் அவ்வெல்லையோடு ஒப்பிடத்தக்க அளவினதாயின், அனுப்புவோருள் ஒருவன் ஏறத்தாழ ஒன்றுமே பெறாது பட்டினி கிடக்கும் நிலை நேரக்கூடும் என்று அவர்கள் நிறுவினர். வேகாஸ், பி.பி.ஆர். இரண்டும் இதில் அடங்கும். காரணம் நாம் முன்னர் கண்டதே. வேகம் உயர உயர, ஒருவன் தன் பங்கை அறிந்துகொள்ள வேண்டிய தாமத வேறுபாடு மிகச் சிறிதாகின்றது. அச்சிறு வேறுபாட்டைத் தற்செயலான தாமதம் விழுங்கிவிடுகின்றது.

மாணவர்கள் வீட்டிலேயே செய்யத்தக்க ஒரு பரிசோதனை உண்டு. எல்லாக் கணினிகளிலும் பிங் என்னும் கட்டளை இருக்கின்றது. தொலைவிலுள்ள கணினியொன்றுக்குச் சிறு பொதியை அனுப்பி, அது திரும்பிவர எடுக்கும் சுற்றுக்காலத்தை அது காட்டும். வீட்டில் எவரும் இணையத்தைத் தொடாத விடியற்காலையில் ஐம்பது முறை அளந்து, மிகச் சிறியதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர், பெரிய படமொன்றை மேலேற்றிக்கொண்டிருக்கும்போது அவ்வாறே அளவுங்கள். வித்தியாசத்தை உங்கள் இணைப்பின் மேலேற்று வீதத்தாற் பெருக்கினால், வாசற்பெட்டியில் வரிசையாக நிற்கும் பிற்றுக்களின் தொகை வரும். விடியலில் 40 மில்லிசெக்கனும், மேலேற்றும்போது 640 உம், வீதம் செக்கனுக்கு 20 இலட்சம் பிற்றும் ஆயின், 12 இலட்சம் பிற்று, அஃதாவது 100 முழுப் பொதிகள். கம்பியில்லா இணைப்பை விட்டுக் கம்பியாற் பொருத்தி அளந்தால் எண்கள் தெளிவாக வரும். அளக்கும் வேளையில் வீட்டிற் பெரியவர்கள் எவரேனும் வெளிநாட்டாருடன் பேசிக்கொண்டிருந்தால், முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.